வாடை அடிக்கிற நாளில் மீன் எங்க போகும்?

மன்னார்க்காரருக்குக் குளிரைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. எங்கட கதை முழுக்க வெயிலும் காற்றும் உப்பும்தான். மார்கழியில் இரண்டு நாள் வாடை இறுக்கி அடித்தால் பெட்டிக்குள் கிடக்கும் போர்வை வெளியே வரும். மூன்றாம் நாள் வெயில் எறித்ததும் திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். அதனால்தான் 2022 மார்கழி எங்களை இவ்வளவு குழப்பியது.

அந்த வருடம் டிசம்பர் 8, 9ஆம் திகதிகள். வங்கக் கடலில் மாண்டஸ் புயல் தமிழ்நாட்டுக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. எங்கட பக்கம் புயல் வரவில்லை, குளிர்தான் வந்தது. இந்தியப் பக்கத்திலிருந்து தூசும் புகையும் கலந்த காற்று, விடாத தூறல், பகலிலும் விளக்குப் போடவேண்டிய இருட்டு. காற்றின் தரம் மோசமாகி 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களையும் மூடினார்கள். அந்த இரண்டு மூன்று நாளுக்குள் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்துப்போயின.

இதில் எங்களுக்கு விளங்காதது, நுவரெலியாவில் சாதாரண நாளில் இருக்கிற குளிர்கூட அன்றைக்கு வன்னியில் இருக்கவில்லை என்பதுதான். அங்கே மாடுகள் நன்றாகத்தானே நிற்கின்றன? மாடு வளர்க்கிறவர்கள் சொன்ன விளக்கம் எளிமையானது. மாரியில் மேய்ச்சல் நிலம் தண்ணீருக்குள் போய் மாடுகள் ஏற்கெனவே மெலிந்திருந்தன. பட்டி திறந்த வெளி. தோல் நனைந்து கிடக்க அதன்மேல் இரவிரவாகக் காற்று அடித்தது. ஒதுங்க இடம் இருந்த மாடுகள் பெரும்பாலும் தப்பின.

அதே கிழமையில் எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் இன்னொரு கதையும் ஓடியது. "கடலிலயும் மீன் செத்து ஒதுங்குதாம், வாங்காதேங்கோ, சாப்பிடாதேங்கோ." கூடவே படங்கள். ஒரு படத்தில் கரை முழுக்க மீன். பின்னால் தெரிந்த மரம் பனையும் இல்லை, உடையும் இல்லை; எங்கேயோ வெளிநாட்டுக் கரை. ஆனால் படம் பொய் என்பதால் கேள்வியும் பொய்யாகிவிடாது. கரையில் நிற்கும் மாட்டைக் கொல்லும் குளிர், பக்கத்தில் கிடக்கும் கடலை என்ன செய்யும்? எங்கட குழுவில் பாதிப்பேர் தொழிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். (மன்னாரில் 'தொழில்' என்றால் ஒரு தொழில்தான், வேறு வேலை எல்லாம் 'வேலை'.) அதனால் இது எங்களுக்கு வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை.

முதலில் பேசாலையில் இருக்கிற ஒரு மாமாவிடம்தான் கேட்டோம். வலை பொத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்: "மீன் என்ன மாடே, கட்டிவிட்ட இடத்தில நிண்டு சாக? தண்ணி குளிர்ந்தா அது ஆழத்துக்கு இறங்கீரும். போக ஏலாமக் கரையில குந்தியிருக்கிறது நாங்கள்தான், பிள்ளையள்."

அவர் சொன்னதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போய் வாசித்தது கொஞ்சம். கடைசியில் எல்லாம் அவர் சொன்ன இடத்துக்கேதான் வந்து சேர்ந்தது.

மன்னார்த் தீவு ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமான ஒரு மணல் நாக்கு. அகலம் மிகக் கொஞ்சம். சைக்கிளில் வெளிக்கிட்டால் அரை மணித்தியாலத்துக்குள் ஒரு கடலை விட்டு மற்றக் கடலுக்குப் போய்விடலாம். வடக்குப் பக்கம் பாக்கு விரிகுடா, தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா. எங்கட ஆக்கள் வடகடல், தென்கடல் என்றுதான் சொல்லுவார்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு மணல்தீடைகள் வரிசையாகக் கிடக்கின்றன. இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கும் வேலி அதுதான். வேலி என்றாலும் பொட்டுகள் நிறைய உள்ள வேலி. தீடைக்கும் தீடைக்கும் நடுவால் தண்ணீர் போய்வரும்.

பார்வைக்கு இரண்டும் ஒரே நீலம். ஆனால் வடகடல் ஒரு தாம்பாளம் மாதிரி. பெரும்பாலான இடங்களில் ஆழம் 12, 13 மீட்டரைத் தாண்டாது. தென்கடல் கரையிலிருந்து மெல்லமெல்ல இறங்கி, தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரையும் தாண்டிவிடும். குளிர் வரும்போது இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஏனென்றால் கடல் குளிர்வது மேலிருந்து. வாடைக்காற்று ஈரம் குறைந்த காற்று. அது தண்ணீர்மேல் ஓடும்போது தண்ணீரை ஆவியாக்கி எடுத்துக்கொண்டு போகும், ஆவியோடு வெப்பமும் போகும். நனைந்த சட்டையோடு மோட்டார்சைக்கிளில் போனால் பல்லுக் கிடுகிடுக்குமே, அதே கதைதான். மேலே முகில் மூடி வெயிலும் இல்லை என்றால் போன வெப்பம் திரும்ப வருவதில்லை. நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு சதுர மீட்டர் கடற்பரப்பு வினாடிக்கு 200 ஜூல் வெப்பத்தை இழக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலத்த, வறண்ட காற்றில் இது நடக்கக்கூடிய அளவுதான். அப்படியானால் ஒரு மீட்டர் ஆழமுள்ள தண்ணீர் ஒரே நாளில் ஏறத்தாழ 4 பாகை குளிர்ந்துவிடும். பத்து மீட்டர் ஆழமுள்ள தண்ணீரில் அதே இழப்பு அரைப் பாகைகூட வராது. ஐம்பது மீட்டரில் உங்கள் வெப்பமானியே கவனிக்காது. சாதாரணதரப் பௌதிகம்தான். ஆனாலும் எங்கட கரையை வைத்து அந்தக் கணக்கைச் செய்தபோது மாமாவின் வாயிலிருந்து வந்த 'ஆழம்' என்ற சொல்லுக்கு வேறு எடை வந்தது.

மீனுக்கு எங்களைப் போல உடம்புக்குள் அடுப்பு இல்லை. சூரை மாதிரி ஒருசிலதைத் தவிர, பெரும்பாலான மீன்களுக்குத் தண்ணீரின் சூடுதான் உடம்பின் சூடு. தண்ணீர் குளிர்ந்தால் உடம்புக்குள் நடக்கும் எல்லா வேலையும் மெதுவாகும். சமிபாடு மெதுவாகும், நரம்பு மெதுவாகும். செவுளில் உப்பைக் கட்டுப்படுத்தும் வேலை குழம்பும். ஓர் எல்லையைத் தாண்டினால் மீன் சமநிலை இழந்து பக்கவாட்டில் சரிந்து மிதக்கும். அந்த நேரம் அதற்கு மூச்சுக்குப் பஞ்சமில்லை. குளிர்ந்த தண்ணீரில் ஒக்சிசன் கூடுதலாகவே கரைந்திருக்கும். கோடையில் களப்பில் மீன் சாகிறபோது நடக்கிற மூச்சுத்திணறலுக்கு இது நேர் எதிரான சாவு. ஆமைக்கும் அப்படித்தான். தண்ணீர் 10 பாகைக்குக் கீழே போனால் கடலாமை நீந்துவதை விட்டுவிடும். உயிர் இருக்கும், அசைவு இருக்காது. பலகைத் துண்டு மாதிரி மிதந்து அலை தள்ளும் பக்கம் போகும்.

இன்னொன்று, குளிர் வரும் வேகம். ஒரு மாதத்தில் ஐந்து பாகை குறைந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். இரண்டு இரவில் ஐந்து பாகை குறைந்தால் பழக நேரம் கிடையாது. வெப்பக் கடலில் வாழும் உயிர்கள் வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்து பழகியவை. வடக்கு நாட்டு மீனுக்கு இருக்கும் தாங்குசக்தி அவைக்கு இல்லை.

இதெல்லாம் ஒன்றாக நடந்த இடம் ஒன்றை நாங்கள் மறக்கவே மாட்டோம். 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தை உறைகுளிர் பிடித்தது. மின்சாரம் இல்லாமல் மனிதர்கள் செத்த செய்தி உலகம் முழுக்கப் போனது. அதே நாட்களில் அதன் கரையோர விரிகுடாக்களில் குறைந்தது 38 இலட்சம் மீன்கள் செத்ததாக மாநில வனவிலங்குத் திணைக்களம் கணக்கிட்டது. அசைவிழந்த கடலாமைகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். சனம் சொந்தப் படகிலும் காரிலும் ஆமைகளை ஏற்றிக்கொண்டு வந்து சவுத் பாட்ரே தீவில் ஒரு மாநாட்டு மண்டபத்தின் தரையில் வரிசையாக அடுக்கியது. நிலம் தெரியாமல் ஆமை. அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

மிக மோசமாக அடிபட்டது லகூனா மாட்ரே என்கிற களப்பு. வரைபடத்தில் பாருங்கள். நீளமான மணல்தீவு ஒன்று, அதன் பின்னால் சராசரி ஒரு மீட்டர் அளவு ஆழமான, நீளமான தண்ணீர். நிறைய கடற்புல். ஆழக்கடலுக்குப் போக விரல்விட்டு எண்ணக்கூடிய வாய்கள்தான். ஒரு நிமிடம் எங்கட வடகடல் கரையையே பார்ப்பது போல இருந்தது. ஒரே வித்தியாசம், அங்கே வடக்கே இருந்து பனிக்காற்று தடையில்லாமல் இறங்கும். எங்களுக்கு வடக்கே இந்தியப் பெருநிலம் இருக்கிறது, அதற்கும் வடக்கே இமயம் இருக்கிறது.

தைவானின் பெங்கூ தீவுகளில் 2008 பெப்ரவரியில் நடந்ததும் இதே மாதிரி. வழக்கத்துக்கு மாறான குளிர்ந்த நீரோட்டமும் காற்றும் சேர்ந்து கடற்சூட்டை 12 பாகை அளவுக்கு இறக்கின. பவளப்பாறை மீன்கள் டன் கணக்கில் ஒதுங்கின. அதைவிட மோசமாக அழிந்தது கூட்டுக்குள் வளர்த்த மீன். கூட்டு மீனுக்குப் போக இடமில்லை. ஃபுளோரிடாவில் 2010 ஜனவரியில் வந்த குளிரில் கரையோரப் பவளங்கள் வெளிறிச் செத்தன. ஆவுளியாவின் உறவுக்காரியான மனாட்டி என்கிற கடற்பசு 250க்கும் மேல் குளிரால் மாண்டது. தென்னாபிரிக்காவின் கிழக்குக் கரையில் 2021 மார்ச்சில் இதற்கு வேறு வழி கிடைத்தது: காற்று மேல்தண்ணீரைத் தள்ள, ஆழத்துக் குளிர்த் தண்ணீர் மேலே வந்தது. அங்கே நன்றாக நீந்தத் தெரிந்த சுறாக்களும் கொம்பன் திருக்கைகளும்கூடச் செத்து ஒதுங்கின. நீந்தத் தெரிந்து என்ன, சூடான தண்ணீர் எந்தப் பக்கம் என்று தெரியவேண்டுமே.

சரி, இனி எங்கட கடலுக்கு வருவோம். ஆய்வாளர்கள் கடற்குளிரலை என்று சொல்வதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில், அந்தப் பருவத்தில், பல வருடப் பதிவுகளில் மிகக் குளிர்ந்த பத்து சதவீதத்துக்குள் விழும் சூடு குறைந்தது ஐந்து நாள் தொடரவேண்டும். இந்த அளவுகோலுக்கு 'எத்தனை பாகை' என்பது முக்கியம் இல்லை. அந்த இடத்துக்கு அது வழக்கமா இல்லையா என்பதுதான் கணக்கு. பாக்கு விரிகுடாத் தண்ணீர் மார்கழி, தையில் 25, 26 பாகைக்கு இறங்கும். சித்திரை, வைகாசியில் 30ஐத் தாண்டும். டெக்சாஸ்காரனிடம் 25 பாகையைக் குளிர் என்று சொன்னால் அவன் குளிக்க இறங்கிவிடுவான். அந்தச் சூடு எங்கட மீனைக் கொல்லாது. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் ஆவுளியாக்கள் தண்ணீர் 18, 19 பாகைக்குக் கீழே போகும்போதுதான் இடம் மாறுகின்றன. எங்கட ஆவுளியாவுக்கு அந்தக் கவலை கிடையாது. அதற்கு இருக்கும் கவலை இழுவைமடி. கடற்புல்லை வேரோடு சுரண்டும் அந்த வலையை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. 2022 செப்டெம்பரில் தமிழ்நாடு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது. ஆனாலும் இரவில் வடகடலில் தெரியும் விளக்கு வரிசையை எண்ணிப்பார்த்தால் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும், குளிருக்கு ஆதரவாக. மாரிக்குளிர் எங்கட கடலுக்கு வேண்டியது. வாடை தண்ணீரைக் கலக்கி அடியில் கிடக்கும் சத்தை மேலே கொண்டுவரும். அதில் நுண்பாசி பெருகும், பாசியைச் சாப்பிடச் சின்ன மீன் வரும், சின்ன மீனுக்குப் பின்னால் பெரிய மீன் வரும். சிலாவத்துறை, அரிப்பு, வங்காலைப் பக்கத்துப் பவளப்பாறைகளுக்குக் கண்டம் குளிரில் இல்லை, சித்திரை வெயிலில் இருக்கிறது. 1998, 2016 என்று இந்தச் சமுத்திரம் முழுக்கப் பவளம் வெளிறிய வருடங்கள் எல்லாம் சூட்டு வருடங்கள். உலகக் கடல்களில் குளிரலைகள் குறைந்துகொண்டும் வெப்ப அலைகள் கூடிக்கொண்டும் வருகின்றன. அதனால் 'ஐயோ குளிர்' என்று கத்துகிற பதிவைப் பகிரும் முன் கொஞ்சம் யோசிக்கலாம். வாடை இல்லாத மார்கழி வந்தால் அதுதான் உண்மையில் பயப்படவேண்டிய மார்கழி.

அப்படியென்றால் 2022 மாதிரியான நாட்களில் எங்கட கடலில் யாருக்குத்தான் ஆபத்து? மாமாவின் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் விடை வருகிறது. ஆழத்துக்குப் போக முடியாததுக்குத்தான்.

குளிர் இங்கே தனியாக வருவதில்லை. காற்று, சேறு, மழைத்தண்ணீர் எல்லாம் கூடவே வரும். அருவியாறு 164 கிலோமீட்டர் ஓடிவந்து அரிப்புக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. மாரி வெள்ளத்தில் அது கொட்டும்போது கரையோரக் கடல் தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். உப்பு குறையும், வெளிச்சம் அடிக்குப் போகாது. வங்காள விரிகுடாவிலிருந்தும் உப்புக் குறைந்த தண்ணீர் பாக்கு நீரிணையால் உள்ளே தள்ளப்படும். ஓரா மாதிரி நீந்தும் மீன் விலகிக்கொள்ளும். கடற்புல் விலகாது. சிப்பி விலகாது. முத்துச் சிப்பியின் கதை எங்கட ஊருக்குத் தெரிந்த பழைய கதை. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி அள்ளினார்கள். 1907க்குப் பிறகு நீண்ட காலம் சலாபமே இல்லை. அந்தப் பார்களை ஆராய இங்கிலாந்திலிருந்து ஹேர்ட்மன் என்ற பேராசிரியரைக் கூப்பிட்டிருந்தார்கள். பருவக்காற்று நீரோட்டம் அள்ளிவரும் மணல் இளம் சிப்பிகளை மூடிவிடுகிறது என்பது அவர் சொன்ன முக்கிய காரணங்களில் ஒன்று. குளிர் இல்லை, மணல். ஆனால் அகப்பட்டதற்குக் காரணம் ஒன்றேதான்: நகர முடியாமை.

இப்போது அந்த நகர முடியாதவர்களின் பட்டியலில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். கடலட்டை.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் தமிழ்நாட்டு நண்பர்களுக்காக: உங்கட பக்கம் கடலட்டை பிடிப்பதே குற்றம். எங்கட பக்கம் அது பண்ணைப்பயிர். கரையோர ஆழங்குறைந்த கடலில் கம்பு நட்டு, வலை சுற்றி, உள்ளே குஞ்சு அட்டைகளை விட்டு வளர்த்து, காய்ச்சி, உலர்த்தி, சீனா, ஹொங்கொங் பக்கம் அனுப்புவது. நாங்கள் ஒருவரும் சாப்பிடுவதில்லை. 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது இது பெரிய நம்பிக்கையாகத் தெரிந்தது. அந்த வருடம் ஜூனில் யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் கடலட்டைப் பண்ணைத் திட்டத்துக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது. கிளிநொச்சி மாவட்டத்துக் கிராஞ்சியில் மீனவர்கள் அதே வருடம் இந்தப் பண்ணைகளுக்கு எதிராகப் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் சொன்னது: எங்கட வலை போடுகிற இடம் போச்சு, படகு போகிற வழி போச்சு, சின்ன மீன் வளர்கிற இடம் போச்சு.

எங்களுக்கு இதில் ஒற்றை வரிப் பதில் இல்லை. எங்கட குழுவிலேயே ஒருத்தியின் வீட்டில் பண்ணை வருமானத்தில்தான் தம்பி படிக்கிறான். ஆனால் பண்ணை போடும் இடத்தைப் பாருங்கள். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தண்ணீர், கரையோரம், பெரும்பாலும் வடகடல் பக்கம். மேலே சொன்ன கணக்கில் ஒரே நாளில் 4 பாகை போகக்கூடிய இடம் அது. மழைத்தண்ணீர் முதலில் வந்து நிற்கிற இடமும் அதுதான். அட்டை குளிரை மணலுக்குள் புதைந்து சமாளிக்கும். தண்ணீர் குளிர்ந்தாலும் உப்புக் குறைந்தாலும் அது மணலுக்குள் கிடக்கும் நேரம் கூடும், தின்பது குறையும். சில நாள் என்றால் பரவாயில்லை. நாட்கணக்கில் நல்லதண்ணீர் மேலே நின்றால், வேலி இல்லாத அட்டை ஊர்ந்தாவது போகும். வேலிக்குள் இருப்பது போகாது. பெங்கூவில் கூட்டு மீனுக்கு நடந்தது இங்கே அட்டைக்கு நடக்க உறைகுளிர் வேண்டியதில்லை, ஒரு நீண்ட மாரி போதும்.

அட்டைக்கு மட்டும் என்றால் அது முதலாளியின் நட்டம் என்று விட்டுவிடலாம். கரையோரம் முழுக்க வேலி வரிசையாக வந்தால், கரையில் வளர்கிற காரல் குஞ்சும் மணலைக் குஞ்சும் றாலும் ஆழத்துக்குப் போகிற வழியும் அடைபடும். வலைக்கண் வழியாகச் சின்னது போகும் என்பார்கள். வாடையில் வேரறுந்து மிதந்துவரும் கடற்புல் அந்த வலையில் போர்வை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தக் கண், எந்த வழி? ஆகவே எங்கட பக்கத்து நியாயம் இவ்வளவுதான்: பண்ணை போடுங்கோ, ஆனால் வேலிக்கும் வேலிக்கும் நடுவில் ஆழம் நோக்கிப் போகிற வாய்க்கால் அளவு இடைவெளி விடுங்கோ. ஆற்றுவாய்க்குப் பக்கத்தில் போடாதேங்கோ. எங்கே போடுகிறது என்று முடிவெடுக்க முதல் அந்தத் துண்டுக் கடலில் முப்பது வருடம் தொழில் செய்த ஆளைக் கூப்பிட்டு ஒருக்கால் கேளுங்கோ.

தொழில் செய்கிற ஆட்களும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். மன்னாரில் காலங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. வாடைக்கு வடகடல் கொந்தளித்தால் படகைத் தென்கடலுக்கு மாற்றுவது, சோழகத்துக்குத் தென்கடல் கொந்தளித்தால் வடகடலுக்குத் திரும்புவது. தீவே காற்றுக்கு மறைப்பு. மீன் செய்வதைத்தான் மனிதனும் செய்தான். ஆனால் படகு மாற்றக் காசு வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. அந்த மார்கழியில் பல வீடுகளில் படகு வடகடல் கரையிலேயே கவிழ்ந்து கிடந்தது, தென்கடலில் மீன் இருந்தும். கருவாடு போடுகிற பெண்களுக்கு இன்னும் மோசம். வெயில் இல்லாமல் ஈரக்காற்றில் விரித்த மீன் இரண்டாம் நாளே புழுப்பிடிக்கும். மாடு செத்தவருக்கு நட்டஈடு என்றாவது ஒரு பேச்சு வந்தது. கருவாடு புழுத்தவளின் பெயர் எந்தப் படிவத்தில் வரும்?

டெக்சாஸைப் பற்றி வாசிக்கும்போது கண்ட ஒரு விடயம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. அங்கே உறைகுளிர் வரும் என்று தெரிந்தால், களப்புகளுக்குள் இருக்கும் ஆழமான குழிகளில் மீன் பிடிப்பதைச் சில நாட்களுக்கு நிறுத்திவைக்கும் அதிகாரம் அந்தத் திணைக்களத்துக்கு உண்டு. குளிருக்குப் பயந்து மீன் முழுக்க அந்தக் குழிகளுக்குள் வந்து அடைந்து, அரைமயக்கத்தில் நிற்கும். அப்போது வலையோ தூண்டிலோ போட்டால் அள்ளிக்கொண்டு போகலாம். அதனால் குளிர் தெளியும் வரை யாரும் தொடக்கூடாது. களப்பின் நடுவால் போகும் சரக்குத் தெப்பங்களைக்கூட அந்த நாட்களில் நிறுத்திவைக்கக் கேட்பார்களாம், ஆழக் கால்வாயில் ஒதுங்கிய மீனையும் ஆமையையும் இடிக்காமல் இருக்க.

இதைப் போய் மாமாவிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னோம். கவனமாகக் கேட்டார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப அந்த நாளுக்கு அவைக்குச் சோறு ஆர் போடுறது?"

அங்கே பெரும்பாலும் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிற ஆட்கள், மாமா, என்று சொன்னோம்.

"அதுதானே பாத்தன்," என்றுவிட்டு அடுத்த கண்ணைப் பொத்தத் தொடங்கினார்.